சுறா எண்ணெயில் ஓடிய ஜாஸ்

பூனைகள்தான் முதலில் வந்து சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாகுல் தன் சரக்குக் கிட்டங்கியின் பக்கக் கதவைத் திறந்து, கிராமபோன் பெட்டிமேல் போர்த்தியிருந்த சாக்கை உருவியதுதான் தாமதம், கடற்கரைத் தெருவின் சாம்பல் பூனை உள்ளே நுழையும். அதன் பின்னால் அதன் உறவுக்காரர்கள் வருவார்கள். பெட்டியைச் சுற்றி வாலைச் சுருட்டிக்கொண்டு மரியாதையாக உட்காருவார்கள். மிச்சமிருக்கும் இடத்தில், கொழும்புக்குப் போகக் காத்திருக்கும் பனைநார்க் கட்டுகளின்மேல், நாங்கள் மூவரும் உட்காருவோம்.

அன்று சாகுல் போட்ட இசைத்தட்டை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊசி கரகரத்தது. பிறகு ஒரு கிளாரினெட் மெதுவாக, மிக மெதுவாக, யாரோ பாரம் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பதுபோலக் கிளம்பியது. தட்டு ஓடும்போது பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம். முடிந்ததும் ஒவ்வொருவரும் தனக்கு என்ன தெரிந்தது என்று சொல்லியாக வேண்டும். அதுவும் சட்டம்.

"என்னல தெரிஞ்சுது?" என்றான் சாகுல்.

சந்தியாகு கண்ணைத் திறக்கவில்லை. "காத்தே இல்லாத கடலு. பாய் தொங்குது. தோணி நகர மாட்டேங்கு. ஒருத்தனும் பேச மாட்டேங்கான்."

"போன வாரமும் இதத்தாம்ல சொன்ன."

"போன வாரமும் காத்து இல்லலே!"

என் முறை வந்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். "இது ஒரு பெரிய துயரத்தின் குரல். கடல் கடந்து கொண்டுபோகப்பட்ட ஒரு ஜனத்தின்..."

"ஆரம்பிச்சுட்டான்யா படிச்சவன்!" சாகுல் சாம்பல் பூனையின் பக்கம் திரும்பினான். "இவன் சொல்லுதது கெடக்கட்டும். நீ சொல்லு தாயி."

## ஏலத்தில் வந்த பெட்டி

சென்ற இதழில் என் முதல் உத்தியோகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். உப்பளத்தில் வாருபலகை பிடிக்கும் குடும்பத்திலிருந்து, பள்ளி இறுதி வகுப்பு தேறி, துறைமுகத்து ஏற்றுமதி ஏஜெண்டு ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த நாற்காலி எனக்குக் கொடுத்த இரண்டு நண்பர்கள்தான் இவர்கள்.

சாகுல் காயல்பட்டினத்துப் பையன். அவன் வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. இங்கே கிட்டங்கியை இவன் பார்த்துக்கொண்டான். சரக்கு அனுப்பும் சீட்டுகளுக்காக எங்கள் ஆபீசுக்கு வருவான். சந்தியாகு சங்கு குளிக்கிறவர், அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர் மகன். சீசனில் அவனும் குளிப்பான். மாதா கோயில் திருவிழா பாண்டில் கிளாரினெட் ஊதுவான்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளம் கலைந்த சமயம், கொழும்பில் சிப்பாய்களின் சாமான்களை ஏலம் விட்டார்கள். சாகுலின் வாப்பா கட்டிலும் கொசுவலையும் எடுக்கப் போய், கூடவே ஒரு கிராமபோனையும் இரண்டு ஆல்பங்களையும் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். ஆல்பம் என்றால் அப்போது நிஜமாகவே புத்தகம்தான். தடித்த அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் காகித உறை, உறைக்கு ஒரு தட்டு. அட்டையில் 'ஜாஸ்' என்று அச்சடித்திருந்தது. அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அதனாலேயே அந்தச் சங்கீதத்துக்கு உரை சொல்லும் உத்தியோகமும் எனக்கே கிடைத்தது.

பெட்டி தோணியில் வந்தது. வழியில் உப்புத்தண்ணீர் குடித்திருந்தது. சாவி கொடுத்தால் கிரீச்சென்று முனகி நின்றுவிடும்.

"எண்ணெ போடாம எதுலே சுத்தும்?" என்றான் சந்தியாகு. மறுநாள் ஒரு சிரட்டை நிறையக் கொண்டுவந்தான். தோணியின் அடிப்பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெய். அவனுக்குத் தெரிந்த எண்ணெய்களில் அதுதான் உயர்ந்தது. உப்புக்கும் துருவுக்கும் அதைவிட மருந்து கிடையாது என்பதை இந்தக் கரையில் யாரும் மறுக்க மாட்டார்கள். பெட்டியைத் திறந்து, சுற்றுகிற இடம், சுற்றாத இடம் என்று பாராமல் தாராளமாக ஊற்றினோம்.

முனகல் நின்றது. தட்டு பட்டுப்போலச் சுற்றியது. பக்கத்தில் ஏதோ ஒரு சிறிய நெம்புகோல் கடகடவென்று ஆடியது. சாகுல் அதை நூல் போட்டுக் கட்டிவிட்டான். பூனைகள் வரத் தொடங்கின.

## முள் சண்டை

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம். அந்த நாளில் கிராமபோன் ஊசி எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பது குதிரைக்கொம்பு. உடைமரத்து முள்ளை வெட்டி ஊசிக்குப் பதிலாகச் சொருகினோம். எந்த முள் நல்லது என்பதில் எங்களுக்குள் கட்சி பிரிந்திருந்தது. காய்ந்த முள்ளில் பாட்டு கணீரென்று இருக்கும் என்பான் சாகுல். பச்சை முள்தான் தட்டைக் கிழிக்காது என்பான் சந்தியாகு. மரத்தடியிலேயே நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர், "முள்ளுக்காலே அடிச்சிக்கிடுதீங்க? ஊரெல்லாம் முள்ளுதானலே கெடக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வாராவாரம் ஆளுக்கொரு தட்டை வீட்டுக்கு எடுத்துப் போவோம். என் வீட்டிலும் சந்தியாகு வீட்டிலும் பெட்டி கிடையாது. போட்டுக் கேட்க முடியாது. சும்மா வைத்திருப்போம். உறையிலிருந்து எடுத்துப் பார்ப்போம், துடைப்போம், திரும்ப வைப்போம்.

"இது எதுக்குல ஆகும்?" என்று என் அப்பா ஒருநாள் கேட்டார்.

"பாட்டுப்பா."

அவர் அதைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். என் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் அந்த ராகங்களைச் சீட்டியடித்துக்கொண்டே குளிப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து, "எந்த வீட்லலே கேதம்?" என்று சாவு விழுந்த வீட்டை விசாரிப்பாள். நான் பெருமைப்பட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கே அந்தத் துயரம் எட்டிவிட்டதே!

ஒரு தட்டில் ஒருவர் பாடுவார். லேபிளில் பெயர் இருந்த இடத்தைக் கரப்பான் தின்றிருந்தது. குரல் அடிவயிற்றிலிருந்து கனமாக வரும். கருப்பட்டிக் கடை முதலாளிமாதிரி இருக்கிறது என்று 'அண்ணாச்சி' என்றே பெயர் வைத்தோம். அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும், மகனைப் பறிகொடுத்தவர், அநேகமாகக் குடிப்பழக்கம் உண்டு என்றெல்லாம் நான் விளக்கியிருந்தேன். சாகுல் அந்தத் தட்டு ஓடும்போது மட்டும் காலை மடக்கி அடக்கமாக உட்காருவான்.

## காது

இப்படி நாங்கள் கூத்தடித்துக்கொண்டிருந்த நாளில், சந்தியாகுவுக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது.

அவன் அப்பாவுக்குக் காது கேட்காது. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது ஆழத்தில் ஒரு காது போயிற்று. பிறகு சங்கு குளித்து மற்றக் காதும் முக்கால்வாசி போயிற்று. இப்போது அவர் குளிப்பதில்லை. தோணியில் நின்று, கீழே போனவனின் கயிற்றைப் பிடித்திருப்பார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

போன சீசன் முடிவில் சந்தியாகுவின் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அவன் வீட்டில் சொல்லவில்லை. எங்களிடம்தான் சொன்னான்.

"தை பொறந்ததும் தோணி கெளம்புது. எங்கப்பா என் பேரச் சொல்லியாச்சு. இன்னும் ஒரு சீசன், ரெண்டு சீசன். அதுக்கப்புறம் நீங்க பிளேட்டுப் போடுங்க, நான் சுத்துததப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சாகுல்கூட அன்று கிண்டல் செய்யவில்லை.

"அப்பாட்ட சொல்லேம்ல," என்றேன்.

"சொன்னா? 'எனக்கும் போச்சு, நான் சோறு திங்கலையா'ம்பாரு. வேற வேல இருந்தாச் சொல்லுன்னு கேப்பாரு. திருவிழா பாண்டு ஒரு வேலையாலே?"

## வீங்கிய கன்னம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வெள்ளைக்காரர் கிளப்பில் ஆட்டத்துக்கு வாசிக்க ஒரு பாண்டு கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. அவர்கள் வாத்தியப் பெட்டிகளை இறக்கும் வேலை எங்கள் ஆபீசுக்கு. லாஞ்சிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். முகம் பலாப்பழமாக இருந்தது. பொன்னுக்கு வீங்கி. வாயைத் திறக்கவே முடியவில்லை.

"இவர் என்ன வாசிப்பார்?" என்று நான் கேட்டேன்.

பாண்டின் தலைவர் பெர்ட்டி மாஸ்டர், பருத்த உடம்பு, வெள்ளைக் கோட்டு, ஐரோப்பியக் கலப்பு வம்சத்துக் கொழும்புப் பறங்கியர். "கிளாரினெட்," என்று இங்கிலீஷில் அழாத குறையாகச் சொன்னார்.

என் பேனா கையிலிருந்து விழுந்தது. "சார், எங்களிடம் ஒருவர் இருக்கிறார்! ஜாஸ் வாசிப்பார்! இரண்டு ஆல்பமும் மனப்பாடம்!"

அன்று சாயங்காலமே கிளப்பின் பின்வராந்தாவில் பரீட்சை. சந்தியாகு திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். சாகுல் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். எது வாசிப்பாய் என்று மாஸ்டர் கேட்க, சந்தியாகு "காத்தில்லாத கடலு" என்றான். நான் அதை மிகுந்த பொறுப்புடன் மொழிபெயர்த்தேன். மாஸ்டர் அப்படி ஒரு உருப்படியைக் கேள்விப்பட்டதில்லை. சாகுல் தட்டை எடுத்து நீட்டினான்.

"ஓ, இதுவா!" மாஸ்டர் முகம் மலர்ந்தது. பியானோக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். காலால் தரையைத் தட்டினார்.

பியானோ நாலுகால் பாய்ச்சலில் கிளம்பியது.

சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு தன் பாரத்தைத் தூக்கி மணலில் நடக்கத் தொடங்கினான். சுருதியும் வேறு, வேகமும் வேறு. அவர்கள் திருச்செந்தூர் போய்க் கடலில் குளித்து எழுந்துவிட்டார்கள். இவன் இன்னும் ஆறுமுகநேரியைத் தாண்டவில்லை. பியானோ நின்ற பிறகும் இவன் ஊதிக்கொண்டே இருந்தான். கண்ணைத் திறந்தபோது பாண்டு முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் மாஸ்டர்.

"கிராமபோன்."

"அந்தக் கிராமபோனை நான் பார்க்க வேண்டும்."

## மண்ணெண்ணெய்

கிட்டங்கி வாசலிலேயே மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பூனைகள் அவருக்கு வழி விடவில்லை. சாகுல் தட்டைப் போட்டான். மாஸ்டர் தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டார்.

பிறகு பெட்டியைத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் பசைபோல உறைந்திருந்தது.

"இது என்ன?"

நான் சொன்னேன். அவர் மறுபடி கேட்டார். மீனின் பெயரை மறுபடி சொன்னேன். மனிதர் பனைநார்க் கட்டின்மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சாம்பல் பூனை அவர் மடியில் ஏறிக்கொண்டது.

சிரித்து முடித்த பின் விஷயத்தைச் சொன்னார். பெட்டி பாதி நடையில் ஓடுகிறது. நீங்கள் இதுவரை கேட்டது எதுவும் அதன் வேகம் இல்லை. இதைக் கழுவுங்கள். ஆட்டம் சனிக்கிழமை. அதற்குள் பையன் சரியான வேகத்துக்கு வந்துவிட்டால் பாண்டில் உட்காரலாம். நன்றாக வாசித்தால் கொழும்பு ஹோட்டலுக்கே கூட்டிப்போகிறேன், என் கிளாரினெட்காரர் எப்படியும் ஆஸ்திரேலியாவுக்குப் போகப்போகிறார். வராவிட்டால் கிளாரினெட் இல்லாமலே சமாளித்துக்கொள்கிறேன்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சந்தியாகு மண்ணெண்ணெய் தேடி ஓடிவிட்டான்.

மூன்று பேரும் பெட்டியைப் பிரித்துக் கழுவினோம். தையல்காரரிடம் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு வாங்கி விட்டோம். நெம்புகோலின் நூலை அறுத்தோம். சாகுல் "பிஸ்மில்லா" என்று முள்ளை இறக்கினான்.

ஐயா, அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவேன்! கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. துள்ளியது, குதித்தது, ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டு ஓடியது. மணலில் பாரம் தூக்கிப் போனவன் பாரத்தைக் கடாசிவிட்டுக் கும்மாளம் போட்டான்.

"காத்து வந்துட்டுலே!" சந்தியாகு கட்டின்மேல் ஏறிக் கத்தினான். "கச்சான் காத்துலே! பாயைப் புடி!"

சாகுல் என் கையைப் பிடித்துச் சுழற்றினான். எனக்கு ஆடத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கருப்பட்டிச் சிப்பத்தில் இடித்துக்கொண்டு இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்து அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. எல்லாம் புதுத் தட்டு! ஒரு பைசா செலவில்லாமல் இரண்டு புது ஆல்பம்!

கடைசியில் அண்ணாச்சி தட்டு. முள் இறங்கியது. ஒரு சின்னப் பெண், பதினெட்டு வயதுகூட இருக்காது, கலகலவென்று சிரிப்பதுபோலப் பாடினாள்.

சாகுல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தவன் திடுக்கிட்டு எழுந்தான். "படிச்சவனே! ஒரு வருஷமா ஒரு கொமரியவா 'அண்ணாச்சி'ன்னு கும்பிட வச்ச? மகனப் பறிகொடுத்தவராமே?"

நான் அவளுக்குக் குடிப்பழக்கம்கூட வைத்திருந்தேன்.

பூனைகள் மோந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியேறின. அவர்களுக்கு இனி எங்களிடம் வேலையில்லை.

சந்தியாகு மட்டும் அங்கேயே கிடந்தான். பெட்டியோடு வாசிப்பான், தவறுவான், முள்ளைப் பின்னால் வைப்பான். விரல் நுனியெல்லாம் கன்றிப்போயிற்று. சனிக்கிழமை காலையில் பாதித் தட்டுகள் வசப்பட்டிருந்தன. மீதியில் ஓரிடத்தில் ஓடுவான், ஓரிடத்தில் விழுவான்.

## வேலிக்கு வெளியே

கிளப்புக்குள் எங்களுக்கு அனுமதியில்லை. கடல் பக்கத்து வேலியோரம் சாகுலும் நானும் நின்றோம். பொழுது சாய்ந்து விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். ஜன்னல்கள் திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. சந்தியாகுவுக்கு யாருடைய கோட்டையோ மாட்டியிருந்தார்கள். கை மணிக்கட்டுக்குமேல் நின்றது.

"எங்கன இருக்கான் அவன்?"

திரும்பினால் அவன் அப்பா. மகன் கோட்டு மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரனுக்கு ஊதுகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தோணிக்குப் பேரு குடுத்தாச்சு. இங்கன என்னலே கூத்து? கூப்புடு அவன!" அவர் சாதாரணமாகப் பேசுவதே காது கேளாதவர்களின் உரத்த குரல்.

"கொஞ்சம் பொறுங்க மாமா!" என்று சாகுல் அவர் காதில் கத்தினான்.

உள்ளே வேகமான உருப்படிகள். சந்தியாகு நடுநடுவே சில ஸ்வரங்களை விழுங்கினான். ஓரிடத்தில் அறவே தப்பினான். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். சாகுல் என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது. "போச்சுலே," என்றான்.

அந்த உருப்படி முடிந்ததும் மாஸ்டர் பியானோக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். சந்தியாகுவைப் பார்த்துக் கையை மெதுவாக, மிக மெதுவாக அசைத்துக் காட்டினார்.

காத்தில்லாத கடல். எங்கள் நடையில். சுறா எண்ணெய் நடையில்!

ஜோடிகள் நெருங்கி நின்று ஆடத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டின் பாதியில் கிளாரினெட் ஒரே ஸ்வரத்தில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. சரியான வேகத்திலேயே அது நீளம். எங்கள் பெட்டி அதை இன்னும் இழுத்திருந்தது. சந்தியாகு அதை அப்படியே படித்திருந்தான். நடுவில் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்வரம் எழுந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஆடியவர்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பியானோக்காரர் விரலை எடுத்துவிட்டார்.

அவன் அப்பாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவர் மகனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலா அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வயதெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவனுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்திருந்தவர். பிடித்திருந்த வேலியைச் சட்டென்று விட்டு, இரண்டு கைகளாலும் இல்லாத கயிற்றை வெட்டி இழுத்தார்.

"ஏலே, மேல வாலே! போதும்லே! மேல வா!"

கிளப்பே அதிர்ந்தது. சந்தியாகு பழக்கத்தில் படக்கென்று மூச்சை இழுத்தான். ஸ்வரம் அறுந்தது. அந்தக் கூச்சலும் வாத்தியத்தோடு சேர்ந்த ஏற்பாடு என்றே நினைத்து, அத்தனை வெள்ளைக்காரர்களும் கைதட்டினார்கள். நானும் சாகுலும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வேலியின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இடைவேளையில் மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் சந்தியாகு, தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"வேகமானதை நான் சொல்லிக் கொடுத்துவிடுவேன்," என்றார் என்னிடம். "அந்த மூச்சை யாராலும் சொல்லிக் கொடுக்க முடியாது. பையன் என்னோடு வருகிறான். கத்தினது யார்? அவரும் வந்தால் நல்லது."

நான் எல்லாவற்றையும் கிழவரின் காதில் கத்திச் சொன்னேன். மாதச் சம்பளம், ஹோட்டலிலேயே சாப்பாடு. இடது காதைப் பற்றியும், சந்தியாகு தடுத்தும் கேளாமல், சொன்னேன். அவர் மகனின் முகத்தைத் திருப்பி அந்தக் காதைப் பார்த்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தார்.

"ஏ படிச்சவனே. தொரைகிட்டக் கேளு. அந்த எடம் கடலுக்குப் பக்கமா?"

கேட்டேன். அலை ஜன்னலில் தெறிக்கும் என்றார் மாஸ்டர் பெருமையாக. வேறு வழியில்லாமல் அதையும் கத்திச் சொன்னேன்.

"அப்போ இவன அதுல எறங்க விடப்படாதுன்னு சொல்லு. குளிக்கதுக்கும் கெணத்துத் தண்ணிதான்னு சொல்லு."

நான் இங்கிலீஷில் சொல்ல, மாஸ்டர் சிரிக்காமல், நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"யப்பா," என்றான் சந்தியாகு. "அப்போ தோணி?"

அவருக்குக் கேட்கவில்லை. சாகுல் அவர் காதோரம் வாயை வைத்து, கடற்கரைத் தெரு முழுவதும் கேட்கும்படி, "தோணிக்கு என்ன செய்வீகன்னு கேக்கான்!" என்றான்.

"தோணிக்கு ஆளா இல்ல?" கிழவர் சாய்ந்த வேலியை நிமிர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார். "மேல வரத் தெரியாத பயல எவன்லே தோணியில ஏத்துவான்?"